அளப்புக்கு வந்த காய்ச்சல்

கண்ணாடி பொருத்தும் தொழில் செய்த அவருக்குத் தெருவில் 'அளப்பு' என்று பெயர். வைத்தது யாரென்று யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். டேப்பை நீட்டி ஜன்னலின் அகலம் பார்ப்பதும் அளப்பதுதான். நடக்காததை நடந்தது போலச் சொல்வதும் அளப்பதுதான். இரண்டிலும் அவரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

இரண்டையும் ஒன்றோடொன்று கலக்காமல் வைத்திருந்தார் என்பதுதான் விசேஷம். அங்குலத்தை எட்டாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை நூல் என்பார்கள் அந்தத் தொழிலில். ஒரு நூல் பிசகினாலும், வெட்டிய கண்ணாடியை ஓரமாகச் சாய்த்துவிட்டுப் புதிதாக ஒன்றை எடுப்பார். வாய்க்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. இரண்டாவது மாடியில் நின்று பொருத்திய கண்ணாடி, சொல்லும்போது பன்னிரண்டாவது மாடிக்கு ஏறிவிடும். ஜன்னல் விளிம்பில் வந்து உட்கார்ந்த காக்கா, சாயங்காலத்துக்குள் கழுகாகிவிடும். வாடிக்கையாளர்களுக்கு அது பிடித்திருந்தது. வேலை நடக்கும்போது பொழுதும் போனது. கண்ணாடியும் சரியாக உட்கார்ந்தது. யாருக்கு என்ன நஷ்டம்?

தங்கைக்குத்தான் கொஞ்சம் நஷ்டம். அவள் பிரசவத்துக்காக மருத்துவமனையில் கிடந்தபோது, வழியில் பேருந்து கவிழ்ந்துவிட்டது என்று அண்ணன் சொல்லியனுப்பினார். கவிழ்ந்தது பேருந்து இல்லை, அவர் தலைமாட்டில் இருந்த அலாரம் கடிகாரம். அவள் வீடு மாறிய அன்று முதுகு பிடித்துக்கொண்டது என்றார். பிடித்துக்கொண்டது முதுகல்ல, சீட்டாட்டம். இப்படி வரிசையாக. அவள் கோபித்துக்கொண்டு, பிறகு சிரித்து, "உன்னைத் திருத்த முடியாது அண்ணா" என்று விட்டுவிடுவாள். கணவர் போன பிறகு அவள் தனியாக இருந்தாள். அண்ணன் வீட்டிலிருந்து நாலைந்து பேருந்து நிறுத்தம் தள்ளி, மாடியில் சின்ன வீடு.

அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. முதலில் இடது கண்ணுக்கு அறுவை செய்துவிடலாம் என்றார்கள் கண் மருத்துவமனையில். காலையில் போனால் சாயங்காலம் திரும்பிவிடலாம், ஆனால் கூட ஒருவர் இருக்க வேண்டும்.

"நான் இருக்கேன்," என்றார் அண்ணன்.

"வருவியா?"

"சூரியன் மேற்கே உதிச்சாலும் வருவேன்."

"சூரியனை விடு. நீ வா."

அந்த நாள் விடிந்தபோது அவருக்குத் தொண்டை கரகரத்தது. உடம்பு அடித்துப் போட்டது போல இருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்த மனைவி வெப்பமானியை எடுத்து வந்தாள். நூற்றியொன்று. மருந்து டப்பாவுக்குள், பெருந்தொற்று சமயத்தில் வாங்கிய சோதனைப் பட்டை ஒன்று மிச்சமிருந்தது. மூக்கைக் குடைந்து, சொட்டு விட்டு, காத்திருந்து, அவர் அதை ஜன்னலுக்கு எடுத்துப் போனார்.

கண்ணாடி வெட்டுபவருக்குக் கோடு என்பது சாதாரண விஷயமில்லை. மேசைமேல் கம்பளத்தை விரித்து, கண்ணாடியைப் படுக்க வைத்து, சின்னச் சக்கரம் வைத்த கத்தியால் ஒரே இழுப்பில் கோடு போட வேண்டும். பிறகு அடியில் மெல்லத் தட்டினால் கோட்டோடு பிரியும். கோடு விழுந்திருக்கிறதா இல்லையா என்று நேராகப் பார்த்தால் சில சமயம் தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். அப்படித்தான் அவர் பட்டையைச் சாய்த்துப் பார்த்தார். முதல் கோட்டுக்குக் கீழே, மூச்சு விட்டால் மறைந்துவிடும் போல இன்னொரு கோடு.

"ரெண்டு," என்றார்.

மனைவி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தாள். "எனக்கு ஒண்ணுதாங்க தெரியுது."

"சாய்ச்சுப் பாரு."

"சாய்ச்சா உங்க மூக்குதான் தெரியுது."

வீட்டில் அதை வைத்திருக்கப் பயந்து, காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போட்டார். கொஞ்ச நேரத்தில் குப்பை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. பிறகு தங்கைக்குப் போன் செய்தார்.

"எனக்கு வந்துடுச்சும்மா. ரெண்டு கோடு."

 "மூணு ஊசியும் போட்டியே?"

"போட்டும் வந்திருக்கு."

"உனக்கு எப்பவுமே ரெண்டு கோடுதான் அண்ணா. ஒண்ணு நடந்தது, இன்னொண்ணு நீயா போடறது," என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

தனியாகவே போனாள். தனியாகவே திரும்பினாள். ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு படியேறத் தெரியாமல் நின்றவளை டாக்சி ஓட்டி வந்தவர் கையைப் பிடித்து மாடியில் கொண்டுபோய் விட்டாராம்.

இதோடு போயிருந்தால்கூட ஆறியிருக்கும். அண்ணனுக்கு வந்த காய்ச்சல் மூன்றாம் நாள் மத்தியானமே போய்விட்டது. எண்ணிப் பார்த்தால் மொத்தம் இரண்டரை நாள். மனைவிக்குத் தொற்றவும் இல்லை. சும்மா படுத்துக் கிடக்கப் பிடிக்காமல், முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு கீழ்த்தளத்துப் பட்டறைக்கு இறங்கி, கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்து கண்ணாடி வெட்டினார். உடம்பு லேசாகிவிட்ட சந்தோஷத்தில் ஒரு பாட்டும் பாடினார். அந்த நேரம் பார்த்து அந்தத் தெரு வழியாகப் போனது தங்கையின் பக்கத்து வீட்டு அம்மா. ஜன்னல் வழியே பாட்டு கேட்டிருக்கிறது. விஷயம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

"ரெண்டு நாள்ல எழுந்து பாட்டுப் பாடறவனுக்கு என்ன நோய் அண்ணி?" என்று தங்கை போனில் கேட்டது, பக்கத்தில் நின்ற அவர் காதிலும் விழுந்தது. அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. போன் வந்தால் மனைவிக்குத்தான் வரும். "அண்ணன் பக்கத்துல இருக்காரா? அப்ப அப்புறம் பேசறேன்" என்பாள். வலது கண்ணுக்குத் தேதி கேட்டிருக்கிறாள் என்பதும், கூட வரப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டாள் என்பதும் மனைவி மூலமாகத்தான் அவருக்குத் தெரிந்தது.

அவருக்கு அது உறைத்தது. எத்தனையோ அளந்து தப்பித்தவர், வாழ்நாளில் ஒரே ஒரு தடவை உள்ளதைச் சொல்லி மாட்டிக்கொண்டார். நிரூபிக்கப் பட்டையும் இல்லை, இருமலும் இல்லை, சாட்சிக்கு மனைவியும் இல்லை.

"நீயாவது ரெண்டு கோடு பார்த்தேன்னு சொல்லேன்," என்று கெஞ்சினார்.

"பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்ல நான் என்ன நீங்களா?"

இந்த நிலையில்தான் ஒரு ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வேலை வந்தது. கதவொன்றின் கண்ணாடியில் விரிசல். அளவெடுக்கப் போனவர், நடைவழிச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தார். தடுப்பூசி போட்டுக்கொண்ட பிறகும் தொற்று வந்த பெரியவர்கள் ஆய்வுக்குத் தேவை என்று போட்டிருந்தது. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டு, அங்கே மேசையில் இருந்தவரிடம் போனார்.

"வீட்டுலயே பார்த்த டெஸ்ட்டுதான். பரவாயில்லையா?"

"பரவாயில்லைங்க. நிஜமாவே வந்துச்சான்னு ரத்தத்துல பார்த்துக்குவோம்."

அவர் காதில் தேன் பாய்ந்தது. நிஜமாகவே வந்ததா என்று ரத்தத்தில் பார்க்க முடியுமா? இது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே!

நர்ஸம்மா உட்கார வைத்து விவரம் கேட்டார். வயது, ஊசி போட்ட தேதிகள், வேறு நோய்கள். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். அதன் பிறகு, "எத்தனை நாள் உடம்பு சரியில்லாம இருந்துச்சு?" என்று கேள்வி வந்தது.

இரண்டரை நாள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ரெண்டு நாள்ல எழுந்து பாட்டுப் பாடறவனுக்கு என்ன நோய் என்ற குரல் குறுக்கே வந்தது. ரெண்டரை நாள் என்றால் இவர்களும் அதைத்தானே சொல்வார்கள்?

"பதினைஞ்சு நாள்," என்றார்.

"காய்ச்சல்?"

"நூத்தி நாலு. இறங்கவே இல்லை."

"வாசனை தெரிஞ்சுதா?"

"சுத்தமாப் போச்சும்மா. ரோஜாப் பூவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியலை."

நர்ஸம்மா முகம் பாவமாகிவிட்டது. பாவமான முகத்தைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகம் வந்து, ஊசி ஏறும்போது, "பார்த்துக்குங்க, என் ரத்தம் கொஞ்சம் நீலமா வரும்" என்று சொல்லி வைத்தார். வந்தது எல்லோருக்கும் வருகிற நிறத்தில்தான்.

சில வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். ஆய்வை நடத்தும் டாக்டரம்மாவே பேசினார். நாற்பது வயதிருக்கும். மேசையில் காகிதங்களும், பாதி குடித்து மறந்த டீயும். அடுத்த அறையில் ஏதோ இயந்திரம் ரத்தக் குழாய்களைச் சுழற்றிக்கொண்டிருந்தது.

"உங்க ரத்தத்துல தொற்று வந்துட்டுப் போன அடையாளம் இல்லைங்க," என்றார்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடையாளம்னா?"

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "கிருமிக்கு மேல முள்ளு முள்ளா இருக்கும். படத்துல பார்த்திருப்பீங்க. நீங்க போட்டுக்கிட்ட தடுப்பூசி, அந்த முள்ளை மட்டும்தான் உடம்புக்குக் காட்டிக்கொடுக்குது. இப்படி ஒருத்தன் வருவான், பார்த்து வெச்சுக்கோன்னு. நிஜக் கிருமியே உள்ள வந்தா, முள்ளும் வரும், உள்ளுக்குள்ள இருக்கிற சரக்கும் வரும். அந்த உள்சரக்குக்கு எதிரா உடம்பு ஒண்ணு தயார் பண்ணும். எதிர்ப்பொருள்னு பேரு. அது ரத்தத்துல இருந்தா கிருமியே வந்துச்சுன்னு அர்த்தம். ஊசியால அது வராது. உங்ககிட்ட முள்ளுக்கு எதிரானது நிறைய இருக்கு. உள்சரக்குக்கு எதிரானது இல்லை."

"அப்ப எனக்கு வரலைன்னு சொல்றீங்க."

"வந்ததுக்கு அடையாளம் இல்லைன்னு சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணு இல்லை. ஆனா பதினைஞ்சு நாள் காய்ச்சல்ல கிடந்தவருக்கு இது இல்லாம இருக்கிறது ரொம்ப அபூர்வம். உங்களுக்கு வந்தது வேற ஏதோ காய்ச்சல்னுதான் எடுத்துக்கணும்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி சிரித்தாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அவர் பட்டறையில் போய் உட்கார்ந்தார். ஒருவேளை கோடே இல்லையோ? இருக்க வேண்டும் என்று நினைத்ததால் தெரிந்ததோ? இத்தனை வருஷம் ஊருக்கு அளந்ததில், கடைசியில் தனக்கே அளந்துகொண்டோமா? ஒரு துண்டுக் கண்ணாடியை எடுத்து, கத்தியை அழுத்தாமல் இழுத்து, இருப்பதும் இல்லாததுமாக ஒரு கோடு போட்டார். வெளிச்சத்தில் சாய்த்தார். தெரிந்தது. நேராக வைத்தார். தெரியவில்லை. மறுபடி சாய்த்தார். அன்று பார்த்ததும் இப்படித்தான் இருந்தது. சந்தேகமே இல்லை.

அப்படியானால் வந்தது எங்கே போயிற்று? ஒரு வீட்டுக்குள் ஆள் வந்து போனால் செருப்புத் தடமாவது இருக்காதா? இந்தக் கேள்வி அவரை விடவில்லை. சாப்பிடும்போதும் அதுதான், ஏணியில் நிற்கும்போதும் அதுதான்.

பதில், ஒரு வாடிக்கையாளர் போட்ட சண்டையில் கிடைத்தது. அந்த ஆள் தன் வீட்டு அலமாரிக் கதவுக்குத் தானே அளவெடுத்துக்கொண்டு வந்து, அதன்படி வெட்டி வாங்கிப் போய், அடுத்த நாள் திரும்பக் கொண்டுவந்தார்.

"உட்கார மாட்டேங்குது. என்ன வெட்டினீங்க?"

"நீங்க சொன்னதை வெட்டினேன். தப்பான அளவைக் கொடுத்துட்டுக் கண்ணாடியைத் திட்டினா கண்ணாடி என்ன பண்ணும்?" என்றார் அவர்.

சொன்ன வாய் திறந்தபடியே நின்றது. பதினைஞ்சு நாள் காய்ச்சல்ல கிடந்தவருக்கு இது இல்லாம இருக்கிறது அபூர்வம். பதினைஞ்சு நாள்! டாக்டரம்மா வெட்டியதில் தவறில்லை. கொடுத்த அளவு தவறு.

சாப்பாட்டு நேரத்தில் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"ரெண்டரை நாளை எதுக்கு அப்படி ஊதினீங்க?"

"நம்பணும்னுதான்."

"நம்பிட்டாங்க பாருங்க. நல்லா நம்பிட்டாங்க."

மறுநாளே ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனார். டாக்டரம்மா யாருடனோ பேசிவிட்டு வரும்வரை நடைவழியில் நின்றார். தான் பொருத்திய கதவுக் கண்ணாடி ஒழுங்காகத்தான் இருந்தது. அதைப் பார்க்கக்கூட மனசு வரவில்லை.

"டாக்டரம்மா, நான் கொடுத்த கணக்குல கொஞ்சம் பிசகு இருக்கு."

"எந்தக் கணக்கு?"

"பதினைஞ்சு நாள்னு சொன்னேன். ரெண்டரை நாள்தான்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நூத்தி நாலு?"

"நூத்தி ஒண்ணு. அதுவும் முதல் நாள் மட்டும்தான்."

"வாசனை போச்சுன்னீங்களே?"

"அது எனக்குப் போகலை. எங்க தெரு மருந்துக் கடைக்காரருக்குப் போச்சு."

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? "சார், இங்க நாங்க எடுத்திருக்கிறது நூத்துக்கணக்கான பேரோட விவரம். உங்களை மாதிரி இன்னும் பத்துப் பேர் சொன்னா எங்க முடிவே கோணலாப் போயிடும். வேற என்னல்லாம் மாத்தணும்? இப்பவே சொல்லிடுங்க."

"ரத்தம் நீலமா வரும்னு நர்ஸம்மாகிட்ட சொன்னேன்."

"அதை யாரும் எழுதிக்கலை."

 அவருடைய காகிதத்தை எடுத்துத் திருத்திக்கொண்டே வந்த டாக்டரம்மா, பாதியில் நிறுத்தினார். முகத்தில் கோபம் இருந்த இடத்தில் இப்போது ஆர்வம் இருந்தது.

"ரெண்டரை நாள்னா கதை வேற," என்றார். "ஊசி போட்டிருந்து, லேசா, கொஞ்ச நாள் மட்டும் வந்துட்டுப் போனவங்கள்ல நிறைய பேருக்கு இந்த அடையாளம் விழறதில்லை. ஏன்னா, முள்ளை ஏற்கனவே தெரிஞ்சு வெச்சிருக்கிற உடம்பு, கிருமி பெருகறதுக்கு முன்னாடியே அதை அமுக்கிடுது. உள்சரக்கு பெரிசா வெளியில வரவே இல்லை. வராததுக்கு எதிரா உடம்பு எதுக்கு மெனக்கெடணும்?"

"அப்ப என் உடம்பு அதைச் சரியாவே பார்க்கலையா?"

"யார் பார்த்தாங்கங்கிறதுதான் கேள்வி. எதிர்ப்பொருள் மட்டும்தான் உடம்புன்னு இல்லை. டி செல்னு ஒரு வகை வெள்ளை அணு இருக்கு. கிருமி புகுந்த செல்லைத் தேடிப் பிடிக்கிறது அதோட வேலை. அதுல சிலது உள்சரக்கைப் பார்த்திருக்கலாம். பார்த்திருந்தா இவ்வளவு சீக்கிரம் மறந்திருக்காது."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அதுகிட்ட எப்படிக் கேப்பீங்க?"

"உங்க அணுக்களை எடுத்து ஒரு சின்னக் குழியில விட்டு, கிருமியோட உள்சரக்குத் துண்டுகளைப் பக்கத்துல வைப்போம். முன்ன பின்ன பார்த்த அணு இருந்தா அது முழிச்சுக்கிட்டு ஒரு பொருளைக் கக்கும். கக்கின இடத்துல ஒரு புள்ளி விழும்."

"பார்க்காத அணு?"

"சும்மா கிடக்கும்."

"அடேயப்பா," என்றார் அவர். அளப்பில்லாமல், சும்மா, ஆச்சரியத்தில். பிறகு மேலும் மேலும் கேட்டார். அந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கும்? எப்போதும் ஓடிக்கொண்டே இருக்குமா? ஊசி காட்டிய முள்ளையும் இதே அணு பார்க்குமா, வேறு அணுவா? டாக்டரம்மா தெரிந்ததற்குப் பதில் சொன்னார். தெரியாததை இன்னும் தெரியாது என்றார். மறந்த டீ இன்னொரு தடவை மறந்து போனது.

இந்தத் தடவை நிறைய ரத்தம் வேண்டியிருந்தது. குழாய் மேல் குழாயாக எடுத்தபடி நர்ஸம்மா, "இன்னிக்கு என்ன நிறம் சார்?" என்றார். அவர் கையை மட்டும் நீட்டினார்.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா திரையில் ஒரு படத்தைக் காட்டினார். வட்ட வட்டமாகக் குழிகள். ஒன்று கழுவி வைத்தது போலச் சுத்தமாக இருந்தது. அது கிருமித் துண்டே வைக்காத குழி. பக்கத்துக் குழியில் மழை தூறிய தரை போலப் புள்ளிகள்.

"இதெல்லாம் என்னுதா?"

"உங்களுதுதான். அநேகமா உங்களுக்கு அந்தக் கிருமிதான் வந்திருக்கு."

"அநேகமாவா?"

"சாதாரணச் சளி உண்டாக்கற கிருமிகள்ல சிலது இதுக்குச் சொந்தக்காரங்க. அதைப் பார்த்த அணுவும் கொஞ்சம் முழிச்சுக்கலாம். உங்களுக்கு இவ்வளவு புள்ளி இருக்கிறதாலயும், முள்ளுக்கு எதிரானது ஊசி மட்டும் போட்டவங்களை விட அதிகமாவே இருக்கிறதாலயும் நான் இந்தப் பக்கம் சாயறேன். முழுசா அடிச்சுச் சொல்ல மாட்டேன்."

"கொஞ்சம் அடிச்சுத்தான் சொல்லுங்களேன்."

"சொன்னா நானும் உங்களை மாதிரி ஆயிடுவேன்," என்றார் டாக்டரம்மா. இருவருக்கும் சிரிப்பு வந்தது.

கிளம்பும்போது அவர் திரும்பி நின்றார். "இந்த மாதிரி என்னைத் தவிர வேற யாராவது இருக்காங்களா?"

"எங்க ஆய்வுலயே நிறைய பேர் இருக்காங்க. நீங்க ரொம்பச் சாதாரணம்."

அது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அங்கிருந்து நேராகத் தங்கை வீட்டுக்குப் பேருந்து ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் வாய் தானாகவே தயாராக ஆரம்பித்தது. முதல் நிறுத்தத்தில் அந்தப் புள்ளிகள் ஒரு பெரும் படையாகியிருந்தன. இரண்டாவது நிறுத்தத்தில் இதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து டாக்டர்கள் வந்திருந்தார்கள். மூன்றாவது நிறுத்தத்தில் அவரைத் தட்டி எழுப்பியது நடத்துநர்தான்: "சார், டிக்கெட்." சில்லறை தேடிக் கொடுத்ததில் படையும் டாக்டர்களும் கலைந்து போனார்கள். அவர் மறுபடி கூட்டவில்லை.

தங்கை கதவைத் திறந்தாள். கையில் ஊசியும் ஒரு சட்டையும். சரியாகிவிட்ட இடது கண்ணால் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன அண்ணா, பாட்டுக் கச்சேரி முடிஞ்சுதா?"

மாதக்கணக்கில் கேட்காத குரல். திட்டாக இருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது அவருக்கு.

"ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடறேன்."

"சொல்லு. நடுவுல கழுகு கிழுகு ஏதாவது வந்துச்சுன்னா எழுந்து உள்ள போயிடுவேன்."

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொன்னார். நர்ஸம்மாவிடம் பதினைந்து நாள் என்றதையும் விடவில்லை. முள்ளு, உள்சரக்கு, அடையாளம் இல்லாமல் போனது, திரும்பப் போய்த் திருத்தியது, புள்ளிகள். அவள் பொத்தான் தைத்தபடியே கேட்டாள்.

"எனக்கு அநேகமா அந்தக் காய்ச்சல்தான் வந்திருக்கு," என்று முடித்தார்.

தையல் நின்றது. "என்ன சொன்னே?"

"அநேகமா."

"அறுபது வருஷத்துல உன் வாயில அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லையே!"

"டாக்டரம்மா அப்படித்தான் சொன்னாங்க. சளிக் கிருமியாவும் இருக்கலாமாம். ஆனா இந்தப் பக்கம்தான் சாயறாங்க."

அவள் விடவில்லை. ஊசியை அவர் பக்கம் நீட்டி, "அப்ப உலகத்துலயே உனக்கு மட்டும்தான் இப்படின்னு சொல்லு. பேப்பர்ல போடப் போறாங்களா?" என்றாள்.

கேள்வி தட்டில் வைத்துக் கொடுத்தது போல இருந்தது. எடுத்துக்கொள்ள நாக்கு துடித்தது.

"இல்லைம்மா," என்றார் அவர். "என்னை மாதிரி நிறைய பேராம். நான் ரொம்பச் சாதாரணமாம்."

அவள் சட்டையை மடியில் வைத்தாள். 

"சரி, நம்பறேன்."

"புள்ளியையா?"

"புள்ளியை நான் என்னத்தைக் கண்டேன்? நீ சாதாரணம்னு உன் வாயாலயே சொன்னே பாரு, அதை."

எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். ஆனால் யோசனை வேறெங்கோ இருந்தது. "அந்த அணு எவ்வளவு நாள் ஞாபகம் வெச்சிருக்கும்?"

"அவங்களுக்கே இன்னும் சரியாத் தெரியாதாம். ஒரு வருஷம் கழிச்சு மறுபடியும் ரத்தம் கேட்டிருக்காங்க."

"எனக்கு வரவே இல்லைன்னு நினைச்சுக்கிட்டிருக்கேன். எனக்கும் இப்படிச் சத்தமில்லாம வந்துட்டுப் போயிருக்குமோ?"

"இருக்கலாம். வராதவங்களையும் பார்க்கறாங்க அங்க."

"என்னையும் பார்ப்பாங்களா?"

"கேட்டுச் சொல்றேன்."

"நீ கேக்க வேண்டாம். நம்பரைக் கொடு, நானே கேட்டுக்கறேன்," என்றாள். எண்ணைக் குறித்துக்கொண்டாள். அப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "வலது கண்ணுக்கு அடுத்த மாசம் தேதி கொடுத்திருக்காங்க," என்றாள்.

"தெரியும். பக்கத்து வீட்டு அம்மா வராங்களாமே."

"அவங்க வரட்டும். நீயும் வா."

"ரெண்டு பேர் எதுக்கு?"

"நீ வந்துட்டா அவங்க வீட்டுக்குப் போயிடலாம். வரலைன்னா நான் கண்ணைக் கட்டிக்கிட்டுப் படியில நிக்க வேண்டாம் பாரு."

 நியாயமான ஏற்பாடு. டீயை ஒரு மடக்குக் குடித்தார்.

"அன்னிக்குன்னு பார்த்து எனக்கு மறுபடியும் தொண்டை கரகரத்துச்சுன்னா?"

"உடனே போன் பண்ணு," என்றாள் தங்கை. "நம்பறேன். ஆனா இந்தப் பக்கம் வந்துடாதே."